அட்டை எடுக்கப் போன மகனுக்கு

குஞ்சு,

உனக்கு நான் கடிதம் எழுதத் துவங்கினது இது முதல் தரமில்லை. நாலைஞ்சு தரம் துவங்கி, மேலை என்ன விலாசம் போடுறது எண்ட இடத்திலேயே பேனையை மூடி வைச்சனான். இந்த முறை விலாசம் போடாமலே எழுதுறன். உன்ரை மகள் யாழினி பள்ளிக்கூடத்திலை எழுதி மிச்சம் விட்ட கணக்குக் கொப்பி இது. கட்டம் போட்ட தாள் எண்டால் அப்பம்மாவின்ரை எழுத்துக் கோணாமல் நிக்கும் எண்டு அவள்தான் எடுத்துத் தந்தவள். ஐஞ்சாம் வகுப்போடை நிண்ட எனக்குப் பிழையில்லாமல் எழுத வராது. நீ சின்னனிலை என்ரை கடைச்சிட்டையை வாசிச்சுக் கடைக்காரனுக்கு முன்னாலை சிரிச்சனி. இப்பவும் சிரிச்சுப்போட்டு வாசி. நாளைக்குத் திங்கட்கிழமை. நாளைக்கு நான் ஒரு கடதாசியை நிரப்பிக் கையெழுத்து வைச்சுக் குடுக்கவேணும். நீ செத்துப்போனாய் எண்டு சொல்லுற கடதாசி. அதைக் குடுக்க முந்தி உன்னோடை கதைக்கவேணும் போலை கிடந்தது.

முதல் நல்ல செய்தியைச் சொல்லுறன். யாழினிக்குக் கலியாணம் சரிவந்திருக்கு. நீ போகேக்கை அவள் தவழத் துவங்கி ஒரு கிழமை. கையை ஊண்டி முன்னுக்கு வரத் தெரியாமல் பின்னுக்குப் பின்னுக்குப் போய் கட்டிலுக்குக் கீழை மாட்டுப்படுவாள், நீ காலிலை பிடிச்சு இழுப்பாய். இப்ப இருபது வயசு. தாயிலும் பார்க்க உயரம். நடக்கேக்கை வலது காலைக் கொஞ்சம் வெளியிலை எறிஞ்சு நடப்பாள், உன்னை மாதிரி. ஆரும் பழக்கினதில்லை, எங்கையிருந்து வந்ததெண்டு தெரியாது. மாப்பிள்ளைப் பெடியன் பருத்தித்துறைப் பக்கம். படகு இஞ்சின் திருத்திறவன். குடி இல்லை, சிகரெட் இல்லை, கோவமே வராது எண்டு கலியாணம் பேசி வந்தவர் சொன்னவர். நான் ரெண்டு இடத்திலை விசாரிச்சுப் பார்த்தன். முக்காலும் உண்மை. அவ்வளவு காணும். தை மாதம் நாள் வைச்சிருக்கு.

அதிலைதான் சிக்கல். மாப்பிள்ளையின்ரை தாய் பேராசைக்காரி இல்லை. பிள்ளையள் இருக்க ஒரு வளவு வேணும், பெட்டையின்ரை பேரிலை எழுதி விடுங்கோ எண்டு மட்டும் கேட்டவ. வசந்திக்கு நீ கலியாணம் முடிக்கேக்கை அவளின்ரை தேப்பன் எழுதிக் குடுத்த ரெண்டு பரப்புக் காணி இருக்குத்தானே, கிணத்தோடை. அதை எழுதுவம் எண்டு நானும் வசந்தியும் நெல்லியடியிலை ஒரு நொத்தாரிசிட்டைப் போனனாங்கள். வயசான மனுசன், ஆறுதலாய்க் கதைக்கிறவர். காணி உறுதியை வடிவாய் வாசிச்சார்.

"காணி உங்கடைதான் பிள்ளை. ஆனால் எங்கடை தேசவழமைச் சட்டத்திலை, கலியாணம் முடிச்ச பொம்பிளை தன்ரை காணியை எழுதிறதெண்டால் புருஷன்ரை சம்மதக் கையெழுத்து வேணும்."

"அவர் இருபது வருஷமாய் இல்லை ஐயா."

"இல்லை எண்டதுக்குக் கடதாசி இருக்கோ?"

வசந்தி பையுக்குள்ளை இருந்து எடுத்துக் குடுத்தாள். அரசாங்கம் தந்தது, நீ காணாமல் போனாய் எண்டு சொல்லுற சான்றிதழ். அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டுக்கொண்டு திருப்பியும் வாசிச்சார்.

"இது ஆளைக் காணேல்லை எண்டுதான் சொல்லுது. ஆள் செத்ததெண்டு சொல்லேல்லை. இதோடை காணி எழுதேலாது. கோட்டுக்குப் போய்ச் சம்மதம் வாங்கலாம். ஆனால் அது எந்த வருஷத்துத் தை மாதத்திலை முடியும் எண்டு என்னாலை சொல்லேலாது. மரணச் சான்றிதழ் எண்டால் ஒரு நாளிலை எழுதித் தாறன்."

இந்தச் சட்டம் கொழும்பிலை இருந்து வந்து எங்களுக்குப் போட்ட சட்டமில்லை மோனை. எங்கடை ஆக்களின்ரை சட்டம். எங்கடை பொம்பிளையளைக் கட்டி வைச்சிருக்க எங்கடை ஆக்கள் போட்ட முடிச்சு. உன்னை எடுத்தது ஒருத்தர், உன்ரை கையெழுத்தைக் கேக்கிறது இன்னொருத்தர். நடுவிலை நிக்கிறது வசந்தி. வஸ்ஸிலை வரேக்கை அவள் சொன்னாள், "மாமி, உயிரோடை இருந்த நாளிலை அவரிட்டை நான் ஒண்டுக்கும் கையெழுத்துக் கேட்டதில்லை" எண்டு.

அந்த மாதமே பிரதேச செயலகத்திலை இருந்து கடிதம் வந்தது. காணாமல் போன ஆக்களின்ரை குடும்பங்களுக்கு அரசாங்கம் வருத்தம் தெரிவிக்கப்போகுது, மரணச் சான்றிதழ் எடுக்கச் சம்மதிக்கிற ஆக்களுக்கு நட்டஈடும் குடுக்கப்போகுது, வாங்கோ எண்டு. காசைப் பற்றி நான் உனக்கு ஒண்டும் எழுதப்போறதில்லை. எவ்வளவு எண்டு நீ அறியவேண்டாம். முறைப்பாடு என்ரை பேரிலை கிடக்கிறதாலை நானும், பொஞ்சாதி எண்டதாலை வசந்தியும் வரவேணுமாம். முந்தியெண்டால் நான் போயிருக்கமாட்டன். றோட்டோரத்துக் கொட்டிலிலை உன்ரை படத்தை மடியிலை வைச்சுக்கொண்டு எத்தினை வருஷம் இருந்தனான். காசு வேண்டாம், பிள்ளை வேணும் எண்டு கத்தினவையிலை நானும் ஒருத்தி. என்னோடை இருந்து கத்தின ஆக்களிலை பாதிப்பேர் செத்துப்போயிட்டினம். என்ரை மனுசன், கொப்பாவும் போயிட்டார். அவற்றை மரண அறிவித்தலிலை மூத்தவள் கொக்காவின்ரை பேருக்குப் பக்கத்திலை அவள் இருக்கிற நாடு, கனடா எண்டு போட்டிருந்தது. உன்ரை பேருக்குப் பக்கத்திலையும் அதே அளவு இடம்தான் இருந்தது. அதுக்குள்ளை காணாமல் ஆக்கப்பட்டவர் எண்டு சின்ன எழுத்திலை நெரிச்சுப் போட்டிருந்தாங்கள், ஏதோ அதுவும் ஒரு நாடு மாதிரி. கொப்பாவுக்குக் கொள்ளி வைச்சது அவற்றை தம்பியின்ரை மகன்.

செயலக மண்டபத்திலை வரிசையாய்க் கதிரை போட்டிருந்தது. வாசலிலையே ஒவ்வொருத்தருக்கும் ஒரு பெட்டி தந்தாங்கள். உள்ளுக்கை ஒரு ரோல்ஸ், ஒரு வாழைப்பழம், சின்னத் தண்ணிப்போத்தில். எனக்குப் பக்கத்திலை மலரக்கா. ரெண்டு பெடியளையும் பறிகுடுத்தவ. உனக்கு அவவைத் தெரியாது, கொட்டிலிலை பழக்கம். பெட்டியைத் திறந்து பார்த்திட்டு என்ரை காதுக்குள்ளை சொன்னா:

"மன்னிப்புக்கு முந்தியே ரோல்ஸ் தாறாங்கள் பாத்தியே. மன்னிப்புச் சரியில்லாட்டி ஒருத்தரும் வாய் திறக்கக்குடாதெண்டு."

கொழும்பிலை இருந்து வந்த பெரியவர் எழும்பிச் சிங்களத்திலை வாசிச்சார். நல்ல வெள்ளைச் சேட்டு, குரல் மெல்லிசு. குற்றம் சொல்லக்குடாது, ஒரு வரியும் விடாமல் வாசிச்சார். அவருக்குப் பக்கத்திலை நிண்ட பெடியன் தமிழிலை சொன்னவன். ஏதோ துரதிர்ஷ்டமான சூழ்நிலையளாலை எங்கடை குடும்பங்களுக்கு இழப்புகள் வந்திட்டுதாம். அதுக்கு அரசாங்கம் ஆழ்ந்த வருத்தப்படுதாம். எல்லா இனமும் கஷ்டப்பட்டுதாம். இனி எல்லாரும் சேர்ந்து முன்னுக்குப் பாத்து நடக்கவேணுமாம். முடிய எல்லாருக்கும் ஒரு உறைக்குள்ளை வைச்சுக் கடிதம் தந்தாங்கள். மூண்டு மொழியிலை இருந்தது. உன்ரை பேர் மட்டும் பேனையாலை எழுதியிருந்தது.

மலரக்கா எழும்பினா. "ஐயா, ஆர் செய்தது எண்டு இந்தக் கடதாசியிலை எங்கையாவது இருக்கோ?"

பெடியன் சிங்களத்திலை சொல்ல, பெரியவர் யோசிச்சு ஏதோ சொன்னார். "அம்மா, விசாரணை வேறை, இது வேறை" எண்டான் பெடியன்.

"அப்ப இது என்ன?"

"இது நல்லெண்ணம் அம்மா."

"ஓம். நல்லது" எண்டு மலரக்கா இருந்திட்டா. போகேக்கை கடிதத்தைக் கதிரையிலை வைச்சிட்டு ரோல்ஸ் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு போனா, பேரனுக்கு எண்டு.

எனக்கு அந்த நேரம் நீ வலை அறுத்த கதைதான் நினைவு வந்தது. பத்துப் பதினொரு வயசிருக்கும் உனக்கு. உன்ரை தூண்டில் சின்னராசாவின்ரை வலையிலை மாட்டுப்பட, இழுத்துப் பார்த்திட்டுக் கத்தியாலை ஒரு முழம் அறுத்துப்போட்டு வந்திட்டாய். பின்னேரம் கொப்பா உன்னைச் சின்னராசாவின்ரை மீன் வாடிக்குக் கூட்டிக்கொண்டு போனவர். நானும் பின்னாலை வந்தனான், அடிச்சுப்போடுவார் எண்ட பயத்திலை. நீ தலையைக் குனிஞ்சுகொண்டு சொன்னனி, "நீரோட்டம் கூட, வலை கிழிஞ்சிட்டுது, வருத்தமாய்க் கிடக்கு" எண்டு. கொப்பா உனக்கு அடிக்கேல்லை. சத்தம் போடவுமில்லை. "நீரோட்டத்தின்ரை கையிலை கத்தி இருந்ததோடா?" எண்டு மட்டும் கேட்டவர். நீ அழுதழுது, "நான்தான் அறுத்தனான்" எண்டு சொல்லும் வரைக்கும் ரெண்டு பேரும் அப்பிடியே நிண்டவை. பிறகு நாலு பின்னேரம் நீ அந்த வாடியிலை இருந்து, அறுத்த இடத்தை முடிஞ்சு வலை பொத்தினனி. உன்ரை முடிச்சு ஒண்டும் சரியில்லை, சின்னராசா இருந்து ஒவ்வொண்டாய் அவிட்டுத் திருப்பிப் போட்டவர். நாலாம் நாள் "காணும் தம்பி, உன்ரை உதவி இல்லாட்டி எப்பவோ முடிச்சிருப்பன்" எண்டு சொல்லி ஒரு பாரை மீனும் தந்து விட்டவர். அதோடை அந்த விஷயம் முடிஞ்சுது. எனக்குத் தெரிஞ்ச மன்னிப்பு அவ்வளவுதான் குஞ்சு. செய்தவன் வந்து நிக்கிறது. என்ன செய்தன் எண்டு சொல்லுறது. ஏலக்கூடியதைப் பொத்திக் குடுக்கிறது.

சூழ்நிலை எண்டு ஒண்டு வந்து உன்னைக் கொண்டு போகேல்லை. அந்தக் காலம் கடலுக்குப் போறவையெல்லாம் கரையிலை ஆமி காவல் நிக்கிற சென்றியிலை அடையாள அட்டையைக் குடுத்திட்டு ஒரு தகட்டு நம்பர் வாங்கிக்கொண்டு போறதும், வந்து நம்பரைக் குடுத்திட்டு அட்டையை எடுக்கிறதும் உனக்குத் தெரியும். தெற்கிலை கடலுக்குப் போற ஒருத்தனும் தன்ரை அட்டையை ஆரிட்டையும் அடகு வைச்சிட்டுப் போறேல்லை. தமிழ்ச்சனம் எண்டதாலைதான் எங்கடை பிள்ளையளின்ரை அட்டையெல்லாம் சென்றியிலை ஒரு பிஸ்கற் பெட்டிக்குள்ளை கிடந்தது. நீ வராமல் போன அடுத்த நாள் விடிய நான் சென்றிக்குப் போனன். அங்கை நிண்டவனுக்கு மீசை இன்னும் சரியாய் முளைக்கேல்லை. "வரேல்லை, வரேல்லை" எண்டான். அந்தப் பெட்டியைக் காட்டு எண்டு கையாலை சைகை செய்தன். காட்டினான். எண்ணிப் பார்க்க அஞ்சு அட்டை கிடந்தது. உன்ரை இல்லை. வராதவன்ரை அட்டையை ஆர் எடுத்தது? இந்த ஒரு கேள்வியை நான் எத்தினை மேசைக்கு முன்னாலை கேட்டிருப்பன். பொலிசிலை கேட்டன், கொழும்பிலை இருந்து வந்த விசாரணைக்காரரிட்டைக் கேட்டன், வெளிநாட்டு வெள்ளைக்காரியிட்டைக் கேட்டன். எல்லாரும் எழுதினவை. ஒருத்தரும் மறுமொழி சொல்லேல்லை.

ஆனால் அந்த மேசையள் எல்லாத்திலையும் அவையளும் என்னை ஒரு கேள்வி கேட்டவை. மகன் அண்டைக்கு ஏன் அந்த நேரத்திலை சென்றிக்குப் போனவர் எண்டு. அட்டை எடுக்க அவராய்ப் போனவர் எண்டுதான் நான் ஒவ்வொரு தரமும் சொன்னனான். இருபது வருஷமாய் ஒரே மாதிரிச் சொன்னனான். ஒரு சொல்லும் மாறினதில்லை. சாட்சி சொல்லுறதிலை இந்த அம்மா நல்ல உறுதி எண்டு ஒரு சட்டத்தரணிப் பிள்ளை என்னைப் புகழ்ந்ததும் இருக்கு. அது பொய் எண்டு உனக்குத்தான் தெரியும். இப்ப எழுதிறன், ஆர் வாசிச்சாலும் வாசிக்கட்டும்.

அண்டைக்கு இஞ்சின் நிண்டு, நீங்கள் அடுத்த ஊர்க் கரையிலை ஏறி நடந்து வந்தனீங்கள். வந்த களைப்பிலை சாப்பிட்டிட்டுப் படுத்திட்டாய். அட்டை சென்றியிலையே. எனக்கு மூண்டு நாளாய்க் கொடுப்புப் பல்லு வலி. அடுத்த நாள் காலமை உன்னோடை சைக்கிளிலை ரவுனுக்குப் போய்ப் பல்லுப் பிடுங்கவேணும் எண்டு எனக்கு. அட்டை இல்லாமல் உன்னாலை ரவுனுக்கு வரேலாது. நாலு மணி போலை வந்து உன்ரை காலைப் பிடிச்சு ஆட்டி எழுப்பினன். "நாளையிண்டைக்குப் போவமே அம்மா, உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரிக் கிடக்கு" எண்டனி. எனக்குக் கோவம் வந்திட்டுது. "இதே பல்லு உன்ரை பொஞ்சாதிக்கு வலிச்சிருந்தால் பறந்து போயிருப்பாய்" எண்டு சொன்னன். சொல்லேக்கையே அது பிழையெண்டு தெரியும். இருந்தும் சொன்னன். நீ சிரிச்சுக்கொண்டு எழும்பி, சேட்டை எடுத்துத் தோளிலை போட்டுக்கொண்டு, "சரியணை, போறன், இனி அவளை இழுக்காதை" எண்டிட்டுப் போனனி. அந்தப் பல்லுக்கு நான் ஒரு வைத்தியரிட்டையும் பிறகு போகேல்லை. அது நோகும் வரைக்கும் நொந்து, தானாய் ஒருநாள் கழண்டு விழுந்திட்டுது.

மண்டபத்திலை வருத்தம் தெரிவிச்சு முடிய, மேசைக்கு மேசை ஆக்களைக் கூப்பிட்டுக் கடதாசி நிரப்பினவை. எங்கடை மேசையிலை ஒரு தமிழ்ப்பிள்ளை. வவுனியாப் பக்கம் எண்டாள். நீ போகேக்கை அவள் பள்ளிக்கூடத்துக்கே போயிருக்கமாட்டாள். நல்ல மரியாதையான பிள்ளை, எங்களுக்குத் தண்ணி எடுத்துத் தந்தவள். பழைய முறைப்பாட்டைப் பாத்து வாசிச்சுக்கொண்டு வந்தாள். "மகன் அட்டை எடுக்கத் தானாய்ப் போனவர் எண்டு இருக்கு. அப்பிடியே போடட்டோ அம்மா?"

என்ன வந்ததெண்டு தெரியாது. அந்தப் பெரியவர் வாசிச்ச சூழ்நிலை எண்ட சொல்லுத்தான் என்னை உறுத்திக்கொண்டு இருந்திருக்கவேணும். அவர் ஆளைச் சொல்லாமல் விட்டதைப் பாத்து நான் மனசுக்குள்ளை ஏசினனான். நானும் இருபது வருஷமாய் அதைத்தானே செய்துகொண்டு இருக்கிறன். "இல்லைப் பிள்ளை" எண்டன். "நான்தான் அனுப்பினனான். நித்திரையிலை இருந்தவனை எழுப்பி, ஏசி, அனுப்பினனான். அதை எழுது."

வசந்தி எனக்குப் பக்கத்திலை இருக்கிறாள். அவளைத் திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவு வரேல்லை. அந்தப் பிள்ளை கடதாசியைத் திருப்பி எனக்கு முன்னாலை வைச்சாள். பிறகு மெல்லச் சொன்னாள், "அம்மா, இதிலை அதை எழுத இடமில்லை. தானாய்ப் போனவர், கூட்டிக்கொண்டு போகப்பட்டவர், தெரியாது. இந்த மூண்டிலை ஒண்டுக்குத்தான் புள்ளடி போடலாம்."

அதோடை அது முடிஞ்சுது. இருபது வருஷம் நெஞ்சுக்குள்ளை வைச்சிருந்ததைச் சொல்ல, போட ஒரு கட்டம் இல்லை. தெரியாது எண்ட கட்டத்திலை புள்ளடி போட்டாள்.

வெளியிலை வஸ்ஸுக்கு நிக்கேக்கை வசந்தி என்னைப் பாக்காமல் சொன்னாள். "அண்டைக்கு நான் அடுப்படியிலை நிண்டனான் மாமி. பல்லு வலியெண்டு நீங்கள் கத்தினது நாலு வீட்டுக்குக் கேட்டது. எனக்குக் கேளாதே?"

"பொஞ்சாதி எண்டு சொன்னதும் கேட்டதோ?"

"அதுதான் முதல் கேட்டது."

"பிறகேன் நீ என்னட்டை ஒரு வார்த்தையும் கேக்கேல்லை?"

"கேட்டு?" எண்டாள்.

வஸ் வந்திட்டுது. ஏறி இருந்தம். அவள் எனக்கும் சேத்து ரிக்கற் எடுத்தாள். மன்னிச்சிட்டாளோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியாது. இருபது வருஷம் எனக்குச் சோறு போட்டவள், காய்ச்சல் வந்தால் தலைமாட்டிலை இருந்தவள். அந்தச் சொல்லை உள்ளுக்கை வைச்சுக்கொண்டுதானே எல்லாம் செய்திருக்கிறாள். அவளைப் பாத்து நான் என்னெண்டு கொழும்புப் பெரியவரைக் குறை சொல்லுறது. அவளுக்கு நட்டஈடு குடுக்க என்னட்டை ஒண்டுமில்லை.

நீ அவளைப் பிழையாய் நினைக்கக்குடாது மோனை. இந்தக் கடதாசி அவளுக்கு லாபமில்லை. இது வந்தால் அவள் கைம்பெண். இதுவரைக்கும் நெத்தியிலை பொட்டு வைச்சுக்கொண்டுதான் இருக்கிறாள், ஊரும் ஒண்டும் சொல்லேல்லை, நீ வருவாய் எண்டு அவையும் ஒரு பக்கத்தாலை நம்பின மாதிரி. மாப்பிள்ளை வீட்டிலை ஒரு பெரிய மாமி இப்பவே காதுக்குள்ளை சொல்லத் துவங்கிட்டா. காணி எழுதக் கடதாசி எடுத்தால், பிறகு தாய் மணவறையிலை நிண்டு தாரை வாக்கிறது சரிவராது, சித்தப்பன் முறையிலை ஒருத்தர் பொஞ்சாதியோடை நிக்கட்டும் எண்டு. நான் அவவோடை சண்டைக்குப் போக எழும்பினன். வசந்திதான் கையைப் பிடிச்சு இருத்தினாள். "காணி இல்லாட்டி மணவறையே இல்லை மாமி. நான் பின்னுக்கு நிண்டு பாக்கிறன். சனத்துக்குள்ளாலையும் பிள்ளையைத் தெரியும்தானே." அப்பிடிச் சொல்லிப்போட்டுப் போய் வெங்காயம் உரிச்சாள். கண்ணுக்கு அது வசதி.

யாழினிக்கு இதொண்டும் முழுக்கத் தெரியாது. தெரிஞ்சால் காணியும் வேண்டாம் கலியாணமும் வேண்டாம் எண்டு நிப்பாள். உன்ரை பிடிவாதம். ஒருநாள் மட்டும் கேட்டவள், "அப்பம்மா, அப்பாவைச் செத்ததெண்டு சொன்னால் அப்பாவுக்கு நோகுமோ?" எண்டு. சின்னப் பிள்ளை மாதிரி. நான் நோகாது எண்டு சொன்னன். வேறை என்னத்தைச் சொல்லுறது.

இப்ப எல்லாம் நிரப்பி முடிஞ்சுது. உன்ரை பேர், கொப்பாவின்ரை பேர், என்ரை பேர், தொழில், சமயம். வசந்தி தன்ரை கையெழுத்தை வைச்சிட்டாள். ஒரேயொரு கட்டம்தான் வெறுமையாய்க் கிடக்கு. அந்த வவுனியாப் பிள்ளை அதிலை விரலை வைச்சுத்தான் கடதாசியை எங்களிட்டைத் தந்து விட்டவள். "இறந்த திகதி அம்மா. தெரியாது எண்டு போட்டால் பதியேலாது. சில ஆக்கள் கடைசியாய்க் கண்ட நாளைப் போடுகினம். சில ஆக்கள் சண்டை முடிஞ்ச மாதத்திலை ஒரு நாளைப் போடுகினம். உங்களுக்கு எது சரியெண்டு படுதோ அதைப் போட்டுத் திங்கட்கிழமை கொண்டு வாங்கோ." நான் வசந்தியைப் பார்த்தன். "மாமி சொல்லட்டும்" எண்டாள் அவள். "பெத்தவ அவதான்."

மூண்டு நாளாய்ப் பேனையும் கையுமாய் இருக்கிறன் குஞ்சு. அண்டைக்கே எண்டு எழுதினால், உனக்குக் கன நேரம் நோகேல்லை. ஒரு அறைக்குள்ளையும் உன்னை அடைக்கேல்லை, ஒருத்தரும் ஒண்டும் செய்யேல்லை, கெதியாய் முடிஞ்சுது. ஆனால் அப்பிடி எழுதினால், நான் எழுப்பி அனுப்பின பிள்ளை அந்தப் பொழுது படுறதுக்குள்ளை செத்துப்போச்சு எண்டு என்ரை கையாலையே எழுதினதாய்ப் போகும். பிறகு நான் சென்றியிலை நிண்டது, கொட்டிலிலை இருந்தது, கண்ட கோயிலெல்லாம் நேந்தது, எல்லாம் செத்த பிள்ளைக்கு. ஒரு வருஷம் கழிச்சு ஒரு நாளை எழுதினால், ஒரு வருஷம் நீ இருந்திருக்கிறாய். எனக்கு அது ஆசை. ஆனால் எங்கை இருந்தாய், எப்பிடி இருந்தாய்? அவ்வளவு நாளும் அம்மா வருவா எண்டு பாத்துக்கொண்டு, நான் வராமலே. சண்டை முடிஞ்ச மாதம் எண்டால் அதிலும் கன வருஷம். ஒவ்வொரு நாளையும் கூட்டக் கூட்ட உனக்கு உயிரும் கூடுது, அடியும் கூடுது. குறைக்கக் குறைக்க நோ குறையுது, நீயும் குறையிறாய். உன்னைக் கன நாள் வைச்சிருக்கவும் எனக்கு ஆசை, ஒரு நாளும் உனக்கு நோகாமல் இருக்கவும் ஆசை. அந்தக் கட்டத்துக்குள்ளை ரெண்டுக்கும் இடமில்லை.

ஐயரும் அதைத்தான் கேக்கிறார். திதி தெரியாமல் திவசம் குடுக்கேலாதாம். அரசாங்கத்துக்கும் நாள் வேணும், கோயிலுக்கும் நாள் வேணும், காணிக்கும் நாள் வேணும். நாளைக்குக் காலமை எட்டு மணி வஸ்ஸுக்குப் போகவேணும் எண்டு வசந்தி கடதாசியைப் பிளாஸ்ரிக் உறைக்குள்ளை வைச்சு மேசையிலை வைச்சிருக்கிறாள். இப்ப அதைத் திரும்ப வெளியிலை எடுத்து என்ரை கொப்பிக்குப் பக்கத்திலை வைச்சிருக்கிறன். என்னை எப்பிடியும் நினைச்சுக்கொள், ஏசு, அதைப் பற்றி நான் ஒண்டும் கேக்கேல்லை. இதை மட்டும் சொல்லு.

எந்த நாளை எழுதட்டும், அப்பன்?